அகப்பை மாலையும் மிதியடி அங்கிளும்

சிட்னி நகரம் முழுவதிலும் ஒரு மொழியைத் தனி ஆளாக, அதுவும் முட்டைக்கோவாச் செடிகளைத் திட்டித் திட்டியே, உயிரோடு வைத்திருந்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.

மரத்தில் குடைந்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு லிட்கம் ஸ்டேஷன் வரை ‘டொக் டொக்’ என்று நடப்பார். அதனால் எங்களுக்கு அவர் மிதியடி அங்கிள். உண்மைப் பெயரை ஒருமுறை சொன்னார். அதை உச்சரிக்க மூக்கும் தொண்டையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டியிருந்ததால் விட்டுவிட்டோம்.

தளபாடத் தொழிற்சாலையில் தச்சு வேலை. ஊர், பிரான்சின் மேற்கே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் மூலை. எழுபத்துமூன்றில் நாங்கள் குடிவந்த அன்று என் கணவர் வேலியோரம் போய், நீங்கள் பிரெஞ்சுக்காரரோ என்று கேட்டுவிட்டார். மனிதர் மூன்று கிழமை எங்கள் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஒருநாள் தபால்காரர் என் கணவரை இந்தியரா என்று கேட்க, இவர் வாசல் படலையில் நின்று, தான் இந்தியரும் இல்லை, சிங்களவரும் இல்லை என்று அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தார். வேலிக்கு மேலால் அதைக் கேட்டுக்கொண்டிருந்த மிதியடி அங்கிள் நாலு முட்டையோடு வந்து கைகொடுத்தார். தானும் பிரெஞ்சுக்காரன் இல்லை, பிரெத்தோன் என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் இரண்டு பேரும் தாங்கள் யார் இல்லை என்பதை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

பிரெத்தோன் மொழி பேச அவருக்கு ஆள் இல்லை. அதனால்தான் தோட்டத்துக் கோவாவை அதில் திட்டுவது. மறந்துவிடுமோ என்ற பயத்தில், நினைவுக்கு வரும் சொல்லையெல்லாம் தச்சுப் பென்சிலால் வேலிப் பலகையில் எழுதிவைப்பார். மழை அழிக்கும், திரும்ப எழுதுவார். மற்றவர்கள் வீட்டுக்கு வேலி, எங்கள் வீட்டுக்கு அகராதி. ஒருமுறை என் ஈரச் சேலை பட்டு ஐந்து சொற்கள் அழிந்துபோயின. செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

புதிய டெலிபோன் புத்தகம் வரும் நாள்தான் அவருக்குப் பொங்கல். அவர் ஊர்ப் பெயர்களில் பாதி ‘கெர்’ என்று தொடங்குமாம். அப்படித் தொடங்கும் அத்தனை பேருக்கும் வரிசையாகப் போன் எடுத்து, பிரெத்தோனில் நலம் விசாரிப்பார். மறுபக்கத்தில் அநேகமாக ஸ்கொட்லாந்துக்காரர். பலர் ஏசினார்கள். ஒருவர் பொலிஸுக்கே சொன்னார். ஒரு கிழவி மட்டும் ஒரு சொல்லும் விளங்காமல் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த ஞாயிறும் எடுக்கச் சொன்னாராம். எடுத்தார். ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தார்.

இனி என் கதை. என் மகள் வாசுகிக்கு ஏழு வயது நடக்கும்போது, பள்ளிக்கூட ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் இங்கிலிஷ் மட்டும் பேசுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்றார். நானும் ஊரில் படிப்பித்தவள். ரீச்சர் சொன்னால் கேட்டே பழகியவள். அன்றே சட்டம் போட்டேன். ஆறு மாதத்தில், “பிள்ளை, சாப்பிட வா” என்றால் யாரோ வீட்டு நாயைக் கூப்பிடுகிறேன் என்பது போலப் பார்த்தாள். எனக்கு நித்திரை போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் மிதியடி அங்கிள் தன் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னார். அங்கே பிரெஞ்சு மட்டும்தான் பேசலாமாம். பிரெத்தோன் பேசுகிற பிள்ளையின் கழுத்தில் ஒரு மரச் சப்பாத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்களாம். அந்தப் பிள்ளை, வேறொரு பிள்ளை பிரெத்தோன் பேசுவதைக் கண்டு பிடித்துக்கொடுத்தால் சப்பாத்து அங்கே மாறும். பள்ளி விடும் நேரம் அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம். ஆனால் கவலை பிடித்த தாய்க்கு மூளை ஒரு பக்கமாகத்தான் வேலை செய்யும். ஒரு சப்பாத்தால் ஒரு மொழியைத் துரத்தலாம் என்றால், இன்னொன்றைத் திரும்பக் கூப்பிடவும் முடியும்தானே என்று யோசித்தேன்.

எங்கள் வீட்டில் மரச் சப்பாத்து இல்லை. தேங்காய்ச் சிரட்டை அகப்பை இருந்தது. சட்டத்தைத் திருப்பிப் போட்டேன். இங்கிலிஷ் பேசினால் கழுத்தில் அகப்பை, வேறொருவரைப் பிடித்துக்கொடுத்தால் அது அவருக்கு. முதல் நாள் முழுக்க என் கணவரே அதைப் போட்டுக்கொண்டு திரிந்தார். ‘ஓகே’ இல்லாமல் அவரால் தேத்தண்ணி கூடக் கேட்க முடியாது. எனக்கு இரண்டு தரம் வந்தது. பிறகு வாசுகிக்கு வந்தது. அவள் கெட்டிக்காரி, வழி கண்டுபிடித்தாள். பேசுவதை நிறுத்திவிட்டாள்.

தமிழும் இல்லை, இங்கிலிஷும் இல்லை. பால் வேண்டுமென்றால் விரலால் காட்டினாள். அகப்பையை அவளிடமிருந்து வாங்குவதற்காக என் கணவர் அவள் முன்னால் போய் நின்று நாலு தரம் ‘ஓகே’ சொல்லிப் பார்த்தார். அவள் பிடித்துக்கொடுக்கவில்லை. ஒரு கிழமை இப்படிப் போனது.

சனிக்கிழமை, அவள் அகப்பையோடு வீட்டின் பின்வளவில் நிற்பதை மிதியடி அங்கிள் கண்டுவிட்டார். அறுபது வயது மனிதர், மிதியடியைக் கழற்றிவிட்டுத் தன் அகராதியின் மேல் ஏறி இந்தப் பக்கம் குதித்தார். பிள்ளையின் கழுத்திலிருந்து அகப்பையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, குசினிக்குள் வந்து அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். சிரிப்பு இல்லை. அவருடைய உடைந்த இங்கிலிஷை என் தமிழில் தருகிறேன்.

“மிச்சக் கதையை நான் உங்களுக்குச் சொல்லேல்லை. நான் எப்பவும் என்ர தம்பியைத்தான் பிடிச்சுக் குடுப்பன். சின்னவன், லேசா அம்பிடுவான். இப்ப அவன் எனக்குப் பிரெஞ்சிலதான் கடிதம் எழுதுறான்.”

“நான் தமிழுக்காகத்தானே செய்தனான்,” என்றேன்.

“சப்பாத்துக்கு அது விளங்காது,” என்றார்.

அகப்பையைத் திருப்பித் தரவில்லை. திங்கட்கிழமை காலை ‘டொக் டொக்’ கேட்டு ஜன்னலால் பார்த்தேன். கோட்டுக்கு மேலே அகப்பை தொங்க, சாப்பாட்டுப் பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த சனம் ஒதுங்கி வழிவிட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற வாசுகி முதலில் மூக்கால் சிரித்தாள்.

“அம்மா, அங்கிள் அகப்பையோட வேலைக்குப் போறார். ஹீ இஸ் மேட்.”

இரண்டு மொழியும் ஒரே மூச்சில் வந்தன. அவளைக் கட்டிப்பிடித்து நான் அழுத அழுகையில் பள்ளிக்கூடம் பிந்திவிட்டது. அன்றோடு எங்கள் வீட்டில் மொழிக்குச் சட்டம் இல்லை. நான் தமிழில் பேசுவேன், அவள் வாய்க்கு வந்ததில் பதில் சொல்லலாம் என்று ரீச்சரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

போன வருடம் எங்கிருந்தோ ஒரு மெல்பேர்ன் டெலிபோன் புத்தகம் அங்கிளின் கையில் கிடைத்தது. அந்த ஊருக்குப் பக்கத்தில் வெரிபீயில் கோவாத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் பிரெத்தோனிலேயே பதில் சொன்னார். அங்கிள் அடுத்த ரயிலில் ஏறிப் போய், நாலாம் நாள் தொண்டை கட்டித் திரும்பிவந்தார். அந்த ஆள் வேறு பகுதிக்காரராம். பாதிச் சொல்லைப் பிழையாகச் சொல்கிறாராம். இரண்டு நாளும் ஒரே சண்டையாம்.

“எத்தினை வருசத்துக்குப் பிறகு ஒருத்தன் என்னோட பிரெத்தோனில சண்டை பிடிக்கிறான்,” என்றார். கல்யாண மாப்பிள்ளையின் முகம். அடுத்த மாதமே மிச்சச் சண்டையைப் பிடிக்க வெரிபீக்குக் குடிபோய்விட்டார். அகப்பையையும் கொண்டுபோய்விட்டார்.

வேலியில் அவர் எழுத்து இன்னும் இருக்கிறது. மழை விட்டதும் வாசுகி பென்சிலோடு ஓடுகிறாள்.

ஞாயிறு பின்னேரம் அவருக்குப் போன் எடுப்பாள். இவள் தமிழில் பள்ளிக்கூடத்தில் நடந்த புதினமெல்லாம் சொல்லுவாள். அவர் பிரெத்தோனில் ஏதோ சொல்லுவார். இரண்டு பேருக்கும் இங்கிலிஷ் தெரியும், தொடமாட்டார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் அரை மணி நேரம் சிரிப்பார்கள். வெளியூர்ப் போனுக்கு நிமிடக் கணக்கில் காசு, எதற்கெடுத்தாலும் மணிக்கூட்டைப் பார்த்துப் பதறுகிறவள் நான். ஞாயிறு பின்னேரம் மட்டும் பார்ப்பதில்லை.