கடை மூடிய நாளில் ஒரு சாக்கு

தெருவுக்கு அடியில் போகும் கல்வெர்ட்டுக்குள்ளிருந்து சாக்கை இழுத்தபோது உள்ளே கண்ணாடி உரசும் சத்தம் கேட்டது. காலி பாட்டில்கள் என்று நினைத்தேன். காந்தி ஜெயந்தியன்று சுத்தம் செய்யப் போனவன் வேறு என்ன நினைப்பான்.

அன்று காலை எங்களுக்குக் கொடுத்த வேலை அதுதான். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் எட்டுப் பேரை டவுன்ஷிப்புக்கு வரச் சொல்லி, ஆளுக்கொரு விளக்குமாறும் வெள்ளைத் தொப்பியும் கொடுத்து, ஒரு தெருவைக் காட்டினார்கள். ஒன்பது மணிக்கு அதிகாரி வந்து எங்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். அதுவரை கூட்டினால் போதும் என்றார் சூப்பர்வைசர்.

மற்ற ஏழு பேரும் போதுமான அளவுக்குக் கூட்டினார்கள். நான் கல்வெர்ட்டுக்குள் தலையை விட்டேன்.

காரணம் இருந்தது. பதினோரு வருடமாக நான் கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆகப்போகிறவர்கள் பட்டியலில் அப்போதுதான் என் பெயர் வந்திருந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நன்னடத்தைச் சான்று போனால் ஆர்டர் கையில். ஃபைல் மூன்று வாரமாக ஸ்டேஷனில் கிடந்தது. அது வரும்வரை எந்த வம்புக்கும் போகாதே, சொன்ன வேலையை ஒழுங்காகச் செய் என்று என் மனைவி மலர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒழுங்காகச் செய்தேன்.

போட்டோவில் அழுக்குச் சாக்கு விழுந்துவிடும் என்று சூப்பர்வைசர் பதறினார். "குமாரு, இத எடுத்துகினு போயி வெளிய எங்கனா போட்டுட்டு வா." மொபெட்டின் முன்னால் சாக்கை வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வண்டி நகர மறுத்தது. காலி பாட்டிலுக்கு இவ்வளவு கனமா என்று ஒரு மரத்தடியில் நிறுத்திக் கட்டை அவிழ்த்தேன்.

ஒன்றுகூடக் காலி இல்லை. மூடி திருகாத புதுச் சரக்கு.

காலையில் வடக்குத்து டீக்கடையில் ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படித்திருந்தார். இன்று மதுக்கடைகள் மூடல், மறைத்து விற்பவர்கள் மீது கடும் நடவடிக்கை, தனிப்படை அமைப்பு. அவர் சிரிக்காமல்தான் படித்தார். கேட்டவர்கள்தான் சிரித்தார்கள். ஆகஸ்ட் பதினைந்துக்கும் இதே செய்திதான் வந்தது, தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்றார் டீ ஆற்றியவர். தனிப்படை தேடுகிற இடத்தில் சரக்கு இருக்காது, சரக்கு இருக்கிற இடம் தனிப்படைக்குத் தெரியும், அதனால் அங்கே தேடாது என்று இன்னொருவர் விளக்கினார். நானும் சிரித்தேன்.

அந்த இடம் எது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். நான் குடிப்பதில்லை. குடிக்காதவனுக்கு எங்கள் பக்கத்தில் சில பொது விவரங்கள் வந்து சேர்வதே இல்லை.

சாக்கைத் திரும்பக் கட்டுவதற்குள் ஒரு சைக்கிள் வந்து நின்றது. கதர்ச் சட்டை போட்ட, ரிட்டயர்டு ஆன ஒருவர். காந்தி சிலைக்கு மாலை போட்டுவிட்டு நேராக வந்திருக்க வேண்டும், சட்டையில் சின்னக் கொடி குத்தியிருந்தது. கல்வெர்ட்டுக்குப் போனதாகவும், அங்கே யாரோ கூட்டிக்கொண்டிருந்ததாகவும் வருத்தத்தோடு சொன்னார். பிறகு சாக்கைப் பார்த்தார்.

"எடத்த மாத்தினா ஒரு வார்த்த சொல்லக் கூடாதாப்பா?"

நான் விற்கிறவன் இல்லை என்றேன்.

"சரிதான். இன்னைக்கு அப்பிடித்தான் சொல்லணும்" என்று தலையாட்டினார்.

அவருக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு பைக். யாரும் முண்டியடிக்கவில்லை. ரேஷன் கடையில்கூட எங்கள் ஊரில் இவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை. தலையில் வெள்ளைத் தொப்பி வேறு இருந்தது. கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். பின்னால் யாரோ என்னைத் திட்டினார்கள்.

புதரில் வீசலாம். வீசும்போது யாராவது பார்த்தால் முடிந்தது. கல்வெர்ட்டிலேயே வைத்துவிடலாம். அங்கே அதிகாரியும் கேமராவும் இருப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோவது பற்றி நான் யோசிக்கவே இல்லை, மலர் இருக்கிறாள். போலீஸிடமே ஒப்படைப்பதுதான் பத்திரம் என்று முடிவு செய்தேன். பதினோரு வருடம் கான்ட்ராக்டில் இருப்பவனுக்கு இப்படித்தான் புத்தி போகும்.

மெயின் ரோட்டில் தடுப்பு வைத்துப் பாண்டிச்சேரியிலிருந்து வரும் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நான் டவுன்ஷிப்புக்குள்ளேயிருந்து வருகிறவன். கான்ஸ்டபிள் கையை ஆட்டிப் போகச் சொன்னார். நான் நின்றேன்.

"போய்யா. உன்ன யாரு நிறுத்துனது?"

சாக்கில் சரக்கு இருக்கிறது என்றேன். அவர் என் வாயருகே மோந்து பார்த்தார். பிறகு சாக்குக்குள் பார்த்தார். பிறகு, இதை வேறு யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லிவிட்டு அடுத்த வண்டியை நிறுத்தினார். துணைக்குக்கூட யாரும் வரவில்லை. மூட்டை நிறையச் சரக்கோடு, தனிப்படை சுற்றுகிற ஊரில், நானே ஓட்டிக்கொண்டு போனேன். யாரும் மறிக்கவில்லை.

ஸ்டேஷனில் ஏட்டு மட்டும் இருந்தார். எங்கே எடுத்தாய் என்று கேட்டார். கல்வெர்ட் என்றேன்.

"எந்தக் கல்வெர்ட்டு?"

சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அங்க இருந்தத நீ ஏன்யா எடுத்த?"

சுத்தம் செய்யச் சொன்னார்கள் என்றேன்.

அந்த இடத்தைக் காலையிலேயே தீவிரமாகச் சோதித்து, ஒன்றும் இல்லை என்று மேலே எழுதி அனுப்பியாகிவிட்டது என்றார். அப்படி எழுதிய இடத்தில் ஒரு மூட்டை கிடைத்தால் என்ன அர்த்தம் என்று என்னையே கேட்டார். எனக்குத் தெரிந்த அர்த்தத்தை நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் மூட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரக்கு இருக்கு. ஆளுந்தான் இருக்கான்."

சார், என் பெயரில் இங்கே ஒரு ஃபைல் இருக்கிறது என்றேன். அவர் எழுந்து அலமாரியில் தேடினார். தூசியைத் தட்டிப் பிரித்தார். போட்டோவையும் என் முகத்தையும் ஒப்பிட்டார்.

"பர்மனென்ட் ஆகப் போறவனா நீ?"

"ஆமாங்க."

"எத்தினி வருஷமா கான்ட்ராக்ட்டு?"

சொன்னேன். அவர் மச்சானுக்குப் பதினாலு வருடமாம், இன்னும் பட்டியலிலேயே பெயர் வரவில்லையாம். வெளியே ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். குறிஞ்சிப்பாடி ரோட்டில் புளியமரத்துக்கு அடியில், தனிப்படையினரின் தீவிரத் தேடுதலில், கேட்பாரற்றுக் கிடந்த மூட்டை. பார்த்த சாட்சி, குமார்.

"நான் அந்தப் பக்கமே போகலைங்க" என்றேன்.

"தனிப்படையுந்தான் போகல. போடு கையெழுத்த."

போட்டேன். அதே பேனாவால் அவர் என் ஃபைலில் நன்னடத்தை உடையவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காயட்டும் என்று இரண்டு தாளையும் ஃபேனுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

பதினோரு மணிக்குத் தனிப்படை வந்தது. பாட்டில்களை மேசையில் அடுக்கி, பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வரிசை, சாக்கில் நான் பார்த்ததைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. நன்னடத்தை உடையவன் என்பதால் நான் எண்ணவில்லை.

கிளம்பும்போது ஏட்டு காலிச் சாக்கை என்னிடம் நீட்டினார். அது ரெக்கார்டில் வராதாம்.

கல்வெர்ட்டு வழியாகத்தான் வீட்டுக்குத் திரும்பினேன். அதிகாரி போய்விட்டார், சூப்பர்வைசர் போய்விட்டார். தெரு பளிச்சென்று இருந்தது. கதர்ச் சட்டைக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றிருந்தார்கள். அந்தத் தெருவில் பஸ் கிடையாது.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். சாக்கை உதறி, நாலாக மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.