தடைக்காலத்து மீன்

"மீனுக்கு அங்க எங்க மே துடுப்பு வரும்?" என்றான் ஜெயவேல்.

வினிதா தையல் மெஷினை நிறுத்தினாள். பல்லுக்கிடையில் குண்டூசிகள் இருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அது ஜெயவேலின் நல்ல நேரம்.

விடிந்தால் அவர்கள் மகள் கார்குழலியின் பள்ளியில் ஆண்டு விழா. வாட்ஸ்அப் குழுவில் மோகனப்ரியா மிஸ் சுருக்கமாகத்தான் அனுப்பியிருந்தார்: 'யூகேஜி நடனம். கார்குழலி – மீன். உடை வீட்டிலேயே தைத்து அனுப்பவும்.'

போன வருஷம் அவள் ரோஜாப்பூ. வாடகை உடை. பாட்டு தொடங்கியதும் "குத்துது" என்று ஓவென்று அழுதபடி மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்து, வினிதாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குப்பமே அதைப் போனில் படம் பிடித்தது. இன்னமும் பால் பாக்கெட் வாங்கப் போனால், "இன்னா ரோஜா, குத்துதா?" என்று கேட்கிறார்கள். அதிலிருந்து மேடை என்றாலே குழந்தை அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவாள். இந்த வருஷம் அவளே வாய் திறந்து, "நீ தெச்சுக் குடுத்தா ஏறுறேம்மா" என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக வினிதா தைக்க வந்த ஜாக்கெட்டுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வெள்ளி நிற சாட்டின் துணியில் இறங்கியிருந்தாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும், தடைக்காலம் மட்டும் இல்லாதிருந்தால். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. மீன் பிடிக்கக் கூடாது என்றுதான் அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. மீனைப் பற்றிப் பேசக் கூடாது என்று போடவில்லை.

"இது வஞ்சரம்தானே?" என்று வாசலில் நின்றபடி கேட்டார் திருமுருகன். ஜெயவேல் போகும் படகுக்கு அவர்தான் டிரைவர். வீட்டில் டீ கிடைக்காததால் வந்திருந்தார்.

"மீனுண்ணே. சும்மா மீனு" என்றாள் வினிதா.

"சும்மா மீனுன்னு கடல்ல ஒண்ணும் கெடையாதும்மா. இந்த வவுத்தப் பாத்தா கொடுவா. வாலப் பாத்தா பாறை. மூஞ்சியப் பாத்தா..." சற்று யோசித்தார். "மூஞ்சி நம்ம ஜெயவேலு ஜாடை."

"அம்மா, மிஸ் இன்னா சொன்னாங்கன்னா, அந்த மீனு..." என்று ஆரம்பித்தாள் கார்குழலி.

"சும்மா இருடி. பெரியவங்க பேசிக்கினு கீறோம்ல."

துடுப்பு மூன்று முறை பிரிக்கப்பட்டு மூன்று இடங்களில் தைக்கப்பட்டது. அதற்குள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மீன்காரி முத்தம்மாவும் உள்ளே வந்துவிட்டாள். மீனைக் கையில் தூக்கி, புரட்டி, கழுத்துப் பக்கம் விரலை விட்டுப் பார்த்தாள்.

"செவுளு எங்க?"

"செவுளா?"

"செவுளத் தூக்குனா உள்ள செவப்பா இருக்கணும். இல்லாட்டி பழைய மீனு. நான் எடுக்க மாட்டேன்."

"யக்கா, இது விக்கறதுக்கு இல்ல!"

"இருந்தா இன்னா? நாளைக்கு நாலு பேரு பாக்கற சபை. கெட்ட மீனுன்னு சொல்லிட்டா யாருக்குக் கேவலம்? குப்பத்துக்குத்தானே?"

குப்பத்தின் மானம் என்றதும் ஜெயவேல் பொங்கிவிட்டான். பைக்கை உதைத்து எம்.சி. ரோடு போய், ரத்தச் சிவப்பில் ஒரு துணி வாங்கி வந்தான். "சாயம் போவுமான்னு கேட்டியா?" என்றாள் வினிதா. "செவப்பா கீதான்னு கேட்டேன்" என்றான்.

செவுள் தைத்து முடித்ததும் மீனுக்கு நிஜமாகவே உயிர் வந்தது போலிருந்தது. அந்த அழகைக் கிட்டே பார்க்கக் குனிந்த திருமுருகன், தன் கையிலிருந்த டீயை மறந்துவிட்டார்.

டீ போக வேண்டும் என்று வினிதா அவசரமாகத் துவைத்தாள். டீ போகவில்லை. செவுள் போனது. பக்கெட்டிலிருந்து தூக்கியபோது தலை முதல் வால் வரை, ஒரு இடம் பாக்கியில்லாமல், செங்கல் சிவப்பு.

வினிதாவுக்கு அழுகை தொண்டை வரை வந்துவிட்டது. கார்குழலி மட்டும் கைதட்டினாள்.

"ஐ! இப்பதான்ம்மா நல்லா கீது!"

அம்மா மனசு நோகக் கூடாதென்று பிள்ளை சொல்கிறது என நினைத்து, வினிதாவுக்கு அழுகை கண்ணுக்கே வந்துவிட்டது.

"சங்கரா மீனு செவப்பாதான் இருக்கும். சங்கரான்னு சொல்லிக்கலாம்" என்றார் திருமுருகன்.

"நீ கெளம்புண்ணே."

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ஈரத் துணியை இஸ்திரி போட்டுக் காயவைக்கும் பொறுப்பை ஜெயவேல் ஏற்றான். பாதியில் வாசலிலிருந்து முத்தம்மா, "சங்கராவுக்கு இவ்ளோ நீட்டு ஒடம்பா?" என்று கேட்டாள். ஜெயவேல் விளக்கம் சொல்லத் திரும்பினான். விளக்கம் நீளமானது. இஸ்திரிப் பெட்டி பொறுமையாகக் காத்திருந்தது.

"யோவ்! பொகையுதுய்யா!"

மீனின் முதுகில் கரேலென்று ஒரு தீய்ந்த அடையாளம். அதை மறைக்கிறேன் என்று ஜெயவேல் துணியைத் திருப்ப, பெட்டி வயிற்றுப் பக்கமும் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தது.

"ரெண்டு பக்கமும் ஆயிடுச்சு!" என்று குதித்தாள் கார்குழலி.

"பேஜாரு பண்ணாதடி. சிரிக்கறா பாரு, அப்பன மாதிரியே."

போட்டுப் பார்த்தபோது அடுத்த வில்லங்கம். தலை கனத்துக் கண்மேல் இறங்கியது. குழந்தை சுவரில் போய் முட்டிக்கொண்டது. வினிதா கத்திரிக்கோலை எடுத்து, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தைத்த தலையை ஒரே நிமிஷத்தில் வெட்டி எறிந்தாள். கார்குழலி தலையைத் தூக்கி அலமாரிக்கு அடியில் தள்ளினாள், இனி யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதுபோல.

"வேர்க்குதும்மா" என்றாள் பிறகு.

உள்ளே அடைத்த தலையணைப் பஞ்சை உருவினார்கள். மீன் தட்டையாகிவிட்டது. அப்போதும் வேர்த்தது. வினிதா சோறு வடிக்கப் போன நேரத்தில், வலைக்கயிறு அறுக்கும் பிளேடால் ஜெயவேல் இரண்டு விலாப்பக்கமும் சாய்வாக மூன்று மூன்று கீறல் போட்டிருந்தான்.

"இன்னாய்யா இது? செவுளு வவுத்துலயா இருக்கும்?"

"செவுளு இல்ல மே. ஜன்னலு. காத்து வரட்டும்."

வினிதா உட்கார்ந்துவிட்டாள். "நான் மிஸ்ஸுக்கு போன் பண்றேன். புள்ளைக்கு ஜொரம்னு சொல்லிடறேன். இந்தக் கலீஜப் போட்டுக்கினு மேடை ஏறுனா, போன வருஷம் ரோஜான்னாங்க, இந்த வருஷம் இன்னான்னு கூப்புடுவானுங்களோ!"

கார்குழலியின் உதடு பிதுங்கியது. "ஏறுவேன். இத்தப் போட்டுக்கினுதான் ஏறுவேன்."

"கண்ணு, இது நல்லா இல்லடி."

"நல்லா கீது! நீ தெச்சது."

வினிதா எடுத்த போனைத் திரும்ப வைத்தாள்.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் போனார்கள். எதிரே வரிசையாக கன்டெய்னர் லாரிகள். டிரைவர் சந்தில் புகுந்து பறந்தார். பள்ளி வாசலில் இறங்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் மூட்டைக்கு அடியில் வால் சிக்கியிருந்தது. குழந்தை இறங்கிவிட்டாள். வால் இறங்கவில்லை. ஜெயவேல் ஆட்டோவின் பின்னால் ஓடினான். வால் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

தலையில்லை, வாலில்லை. தட்டை. சிவப்பு. கருகல். ஜன்னல்.

மேடைக்குப் பின்னால் திரையை விலக்கிக்கொண்டு மோகனப்ரியா மிஸ் வந்தார். வினிதா மகளை முந்தானையால் மூடப் பார்த்தாள். கார்குழலி விலகி நடந்து, மிஸ் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். மிஸ் வாயைப் பிளந்தார். கருகலைத் தொட்டார். கீறல்களுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"மிஸ், மன்னிச்சுக்கங்க" என்றாள் வினிதா. "நல்லாத்தான் தெச்சேன். இவரும் தெருவும் சேந்து..."

"மீனுதான் மிஸ்" என்றான் ஜெயவேல், தலையைக் குனிந்தபடி. "பாத்தா தெரியாது. ஆனா மீனு."

மிஸ் கார்குழலியை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டார்.

"ஏன் தெரியாது? மீன் வேஷம் போட்ட இன்னொரு பிள்ளை வீட்ல தலையும் வாலுமா பளபளன்னு உயிர்மீனையே தெச்சு அனுப்பிட்டாங்க, அதை நான் எப்படிங்க மேடையில விரிச்ச வாழை இலையில, சாம்பார் வேஷத்துக்கும் அப்பள வேஷத்துக்கும் நடுவுல படுக்கவைக்கிறது? உங்க பொண்ணு ஒருத்திதாங்க, நான் கேட்டதை மசாலா, கீறல் வரைக்கும் வீட்ல சரியா சொல்லியிருக்கா: வறுத்த மீன்!"