நாட்டுப்பண் பாடிய இங்கிலாந்துக்காரர்

எனக்குத் தமிழ் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டதுதான் என் வாழ்க்கையிலேயே பெரிய முட்டாள்தனம். யாங்கூனில் பிறந்து, கோபம் வந்தால் பர்மிய மொழியில் திட்டுகிறவள், வீட்டில் நாலு வார்த்தை தமிழ் பேசினால் புலவராகிவிட முடியுமா? இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே இரண்டு அறை விடலாம் போலிருக்கிறது.

அப்போது யாங்கூனின் லான்மடா பகுதியில் ஓர் ஓட்டலில் வரவேற்பு மேஜையில் வேலை. அங்கே தங்க வந்தார் ஓர் இங்கிலாந்துக்காரர். இருபது வருஷமாக மற்ற பாடகர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். ஐம்பது வயதுக்குமேல் திடீரென்று தொப்பியை மாட்டிக்கொண்டு, தானே கன்ட்ரி பாட்டு பாடக் கிளம்பிவிட்டார். (நம்ம கிராமியப் பாட்டு மாதிரிதான், கிதாரோடு.)

"இதுவரைக்கும் நான் மேடையில பாடினதே இல்ல. ஒரே ஒரு தடவை யாராவது கைதட்டிட்டா தொடர்ந்து பாடுவேன். இல்லேன்னா விட்டுடுவேன்" என்றார். எனக்கு மனசு இளகிப்போச்சு. பபேடான் பகுதியில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவில் பாட வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சங்கத் தலைவர் ஊ ஆறுமுகம் (இங்கே பெரியவர்கள் பெயருக்கு முன்னால் 'ஊ' போட்டே ஆகணும்), "நோட்டீஸ் சுத்தத் தமிழ்ல இருக்கணும்மா" என்றார். அகராதியைப் புரட்டினேன். கன்ட்ரி என்றால் நாடு. இசைக்குப் பண். ஒட்டவைத்து எழுதினேன்: 'இங்கிலாந்துப் பாடகர் வழங்கும் நாட்டுப்பண்.' அதற்கு தேசிய கீதம் என்று அர்த்தமாம். ஒரு பாவியும் சொல்லவில்லை.

விழாவில் அவர் கிதாரை மீட்டியதும் ஊ ஆறுமுகம் மைக்கில் முழங்கினார்: "நாட்டுப்பண்! எல்லாரும் எழுந்து நில்லுங்க!"

மொத்தக் கூட்டமும் எழுந்து விறைப்பாக நின்றது. தன் பாட்டுக்குத்தான் இந்த மரியாதை என்று இங்கிலாந்துக்காரருக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. பாட்டு முடிந்தது. ஒரு கைதட்டல் இல்லை. (தேசிய கீதத்துக்கு யார் தட்டுவார்கள்?) இரண்டாவது பாட்டு, மூன்றாவது பாட்டு. அப்படியே நின்றார்கள்.

"இந்த ஆளுக்கு மொத்தம் எத்தனை நாடுடீ?" என்று பின்னாலிருந்து சீறினாள் என் பெரியம்மா. "எனக்கு முட்டி விட்டுப்போச்சு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேடையில் அவர் முகம் செத்துப்போயிருந்தது. கிதாரைக் கழற்ற ஆரம்பித்தார். வந்ததே எனக்குக் கோபம்! என்மேல், அகராதிமேல், சுத்தத் தமிழ் கேட்ட ஊ ஆறுமுகத்தின்மேல். மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன்.

"உக்காருங்க! இது நாட்டுப்பண் இல்ல! பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டான்னு அழற பாட்டு! நான்தான் தப்பா எழுதிட்டேன்!"

"மேடையில என்னம்மா பேச்சு இது?" என்று பாய்ந்தார் ஊ ஆறுமுகம்.

"நீங்களும் உக்காருங்க!"

உட்கார்ந்தார். பெரியம்மா நாற்காலியில் சாய்ந்த நிம்மதியில் கைதட்டினாள். உடனே கூடமே அதிரும்படி எல்லாரும் தட்டினார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கிவிட்டு, மறுபடி கிதாரை மாட்டிக்கொண்டார். அந்தத் தட்டல் முட்டிவலி தீர்ந்ததற்கு என்பதை நான் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது ஊர் ஊராகப் பாடுகிறார். யாங்கூனில் முதல் பாட்டுக்கே ரசிகர்கள் எழுந்து நின்றார்கள் என்று போஸ்டரில் வேறு போட்டுக்கொள்கிறார். என் பெயர் ஒரு மூலையிலாவது இருக்கிறதா என்றால், கிடையாது. எரியுமா, எரியாதா?

எனக்கு மிஞ்சியது இதுதான். தின்கன்ஜூன் பகுதியில் எங்கள் வீட்டில் நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தால் போதும், புருஷனும் மகளும் விறைப்பாக எழுந்து நிற்கிறார்கள். "உக்காருங்க!" என்று கத்தினால் கைதட்டுகிறார்கள்.