அஜிததாஸ் நெருஞ்சிக்கு மருந்தடித்த கதை

இனிமேல் களை எடுக்கக் குனிவதில்லை என்று அஜிததாஸ் முடிவு கட்டிவிட்டான். ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி கேட்டுவிட்டுக் கட்டிய முடிவு, சும்மா விடுமா? மறுநாளே செஞ்சி பஜாரில் ரசூல் பாய் கடையில் களைக்கொல்லி டப்பா ஒன்று வாங்கினான். அவரிடமே ஸ்பிரேயரையும் இரவல் வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி பஸ்ஸை விட்டு இறங்கினான்.

வீட்டுக்குப் பின்னால் மாடு மேய்கிற துண்டு முழுக்க நெருஞ்சி. பசுவின் வாயிலும் குளம்பிலும் முள். அதைப் பார்த்து அவனுக்கும் வயிறு எரிந்தது. நல்ல மனுஷன்தான், பாவம். இடுப்புதான் வளையாது.

"இத்த அடிச்சா மாடு மேயலாமா?" என்றாள் மனைவி அனந்தமதி.

"கொஞ்ச நாளைக்கு உள்ள வுடக்கூடாதுன்னு பாய் சொன்னாரு. கட்டிப் போடுவோம்."

"எத்த? நம்ம செவலையவா? போன வாரம் மொளையோட புடுங்கிக்கினு போனத நீங்க பாக்கல?"

"சங்கிலி போடறேன்."

"நெற சினைங்க அது. மருந்து பட்ட பில்ல ஒரு வாய் கடிச்சு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?" தாயில்லாத கன்றாக வந்து, அவள் கையால் கஞ்சி குடித்து வளர்ந்தது செவலை.

"தொட்டதுக்கெல்லாம் டென்ஷன் ஆவாத. நாளைக்கு அடிக்கறேன். முடிவு பண்ணிட்டேன்."

அவன் முடிவு பண்ணிவிட்டால் அனந்தமதி சண்டை போடமாட்டாள். அதுதான் ஆபத்து.

காலையில் அவளே ஸ்பிரேயரைத் துடைத்துக் கொடுத்தாள். "அடிங்க. நான் வேணாம்னு சொல்லல. ஆனா நெருஞ்சிக்கு அடியில எறும்பு, புழு, நத்தை எல்லாம் இருக்குமே. ஜைன வூட்ல பொறந்துட்டு அதுங்க தலையில விஷத்த ஊத்தலாமா?"

அஜிததாஸுக்குச் சுருக்கென்றது. விளக்கில் பூச்சி விழுந்து சாகுமே என்று பொழுதோடு சாப்பிட்டுவிடுகிற குடும்பம் அவனுடையது.

"இன்னா பண்ணச் சொல்ற?"

"ஒவ்வொரு செடியா பாத்து, இருக்கறத ஓரமா எடுத்து வுட்டுட்டு அடிங்க." கையில் ஒரு மயிலிறகுக் கொத்தையும் கொடுத்தாள்.

நியாயமாகத்தான் பட்டது. ஸ்பிரேயரை வேலியோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தான். நெருஞ்சியோ தரையோடு தரையாகப் படர்கிற சனியன். அடியில் பார்க்க வேண்டுமென்றால் தூக்க வேண்டும். தூக்கினால் வேர் வரும். வேரில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால்? பிடுங்கிப் பார்த்தான். ஒரு எறும்பு. மயிலிறகால் பதமாகத் தள்ளிவிட்டு, செடியை உதறி வரப்பில் வீசினான். அடுத்த செடிக்கு நகர்ந்தான்.

பக்கத்துக் கொல்லைக்காரன் தனகோட்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான். "இன்னா அஜிததாசு, களை எடுக்கறியா?"

"கண்ணு தெரியல? மருந்து அடிக்கறேன்!"

ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் சாயும்போது, கடைசி நத்தையை வேலிக்கு அப்பால் குடிவைத்துவிட்டு, ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு கம்பீரமாகத் திரும்பினான். அடிக்க ஒரு செடி இல்லை. செவலை அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மேய ஆரம்பித்தது.

விரலெல்லாம் முள். அனந்தமதி ஊக்கால் ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணெய் தடவி, பொழுது போவதற்குள் சாப்பிட வேண்டுமே என்று சோற்றைப் பிசைந்து அவளே ஊட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஊட்டிவிடுவது இதுதான் முதல் தடவை, சுகமாக இருந்தது.

"என்ன நல்லா ஏமாத்திட்டல்ல?"

"நானா? பூச்சிய எடுங்கன்னுதான் சொன்னேன். செடியப் புடுங்குங்கன்னு ஒரு வார்த்த சொன்னேனா?"

சொல்லவில்லைதான்.

"போவட்டும். நாளைக்கு ஸ்பிரேயரத் திருப்பிக் குடுத்துடறேன்."

"அவசரப்படாதீங்க. தனகோட்டி அண்ணன் வந்திருந்தாரு. அவரு கொல்லையிலயும் நெருஞ்சியாம், மருந்து அடிக்கணுமாம். செவலை அங்கயும் போயி மேயுமே! எங்க வூட்டுக்காரரே வந்து அடிச்சுக் குடுப்பாருன்னு சொல்லிட்டேன்."

மறுத்துப் பேச வாயைத் திறந்தான். அடுத்த உருண்டை உள்ளே போயிற்று.