பானை ஒழுகினதுக்கு அஞ்சாவது காரணம்

ஒரு காட்டுல, சிங்கமெல்லாம் வேற மாவட்டத்துக்குக் குடிபோன பிறகு, ஒரு கரடி பானை ஃபேக்டரி நடத்திட்டு இருந்துச்சு. அங்க செண்பகவல்லின்னு ஒரு கீரி. பானையில தண்ணி ஊத்தி, ஒழுகுதான்னு பாக்குற வேலை. மூணு வருசமா கான்ட்ராக்ட். வெள்ளிக்கிழமை பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடுறேன்னு கரடி சொல்லியிருந்துச்சு. அந்த நெனப்புல கீரிக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல.

வியாழக்கிழமை ஒரு நாரை வந்து இறங்குச்சு. ஜப்பான் வரைக்கும் பறந்துபோய் நிர்வாகம் படிச்ச நாரையாம். இனிமே தொழிலாளிதான் ராஜான்னுச்சு. எல்லார் தலைக்கு மேலயும் ஒரு கயிறு கட்டணுமாம், கோளாறு தெரிஞ்சா யாரு வேணா அதை இழுத்து வேலையை நிறுத்தலாமாம். அப்புறம் அஞ்சு தடவை 'ஏன்' கேக்கணுமாம். அஞ்சாவது பதில்தான் ஆணிவேராம். நடக்கவா போகுதுன்னு கரடியும் பலமா கை தட்டுச்சு.

மறுநாள் காலைல செண்பகவல்லி தலைக்கு மேல அந்தப் புதுக் கயிறு காத்துல லேசா நெளிஞ்சுச்சு. கீரி ரத்தமாச்சே. யோசிக்கிறதுக்குள்ள பாஞ்சு கவ்விருச்சு.

ஃபேக்டரி நின்னுபோச்சு. எல்லாரும் ஓடி வந்தாங்க. கயித்துல தொங்கிட்டே ஏதாவது சொல்லணுமே.

"பானை ஒழுகுது சார்."

அது தினமும்தான் ஒழுகுது. ஆனா நாரைக்குக் கண்ணு கலங்கிருச்சு. "கேளுங்கம்மா. இது உங்க உரிமை."

கீரி ஏன் ஒழுகுதுன்னு கேட்டுச்சு. வெடிப்பு இருக்குன்னாங்க. ஏன் வெடிப்புன்னா, மண்ணுல மணல் சாஸ்தி. ஏன் மணல்னா, அந்தக் குளத்து மண்ணே அப்படித்தான். ஏன் அந்தக் குளம்னு கேட்டதும் சூளைப் பன்னி தரையைப் பாத்துட்டே, அது முதலாளி மச்சானோட குளம்னுச்சு.

கரடி கக்கத்துல ஆர்டர் இருக்கு. பேனாவால காதைக் குடைஞ்சுட்டு கீரியையே பாக்குது.

"இன்னும் ஒரு ஏன்," நாரை சொல்லுச்சு.

"ஏன்..." கீரி அந்த ஆர்டரை ஒரு தடவை பாத்துச்சு. "ஏன் சார் இன்னும் டீ வரல?"

கேன்டீன் குரங்கு பதறிப்போய், பால் திரிஞ்சிருச்சுன்னுச்சு.

நாரை அதை அப்படியே போர்டுல எழுதுச்சு: பானை ஒழுக ஆணிவேர், பால் திரிஞ்சது.

"இத்தனை வருசமா இது எனக்குத் தோணலையேம்மா," கரடி தழுதழுத்து, அங்கேயே கையெழுத்துப் போட்டுச்சு. குரங்கை மூணு நாள் தரப் பயிற்சிக்கு அனுப்புனாங்க. இப்ப பத்து மணிக்கு டாண்ணு டீ வருது. பானை ஒழுகுது. சிறந்த நிறுவனம்னு அந்த வருசம் கேடயம்கூட குடுத்தாங்க.

நீதி: பிரச்சனையோட ஆணிவேரைத் தைரியமா தோண்டுங்க. முதலாளி கால் தட்டுப்பட்டா மட்டும் ரெண்டடி தள்ளித் தோண்டுங்க.