முதுகில் இருபத்தாறு

“இருபத்தஞ்சு... இருபத்தாறு. அடச்சே, கொஞ்சம் அசையாம இரேன்!”

சரக்குக் கிடங்கில் பதினேழு வருஷமாகப் பெட்டி எண்ணிப் பழகியவர் அவர். பெட்டிகள் ஓடாது. இவை ஓடின. கண்ணாடித் தொட்டிக்குள், ஓட்டுத் துண்டுக்கு அடியில், முதுகு நிறையப் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு நின்றது தேள். அரிசி மணி அளவில், பால் வெள்ளையாக, ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டிருந்தன குட்டிகள்.

மச்சினன் தேள் வளர்ப்பவன். பெற்ற பெண்ணைப் போல வளர்க்கிறான். நான்கு நாள் முன்பு, இவர் குளித்துக்கொண்டிருந்தபோது வந்து, “மாமா, தொட்டியை மேசைமேல வெச்சிருக்கேன், பார்த்துக்குங்க!” என்று வெளியிலிருந்தே கத்திவிட்டு, சிக்னல் கிடைக்காத ஏதோ மலைக்குப் படம் பிடிக்கப் போய்விட்டான். முதல் மூன்று நாள் தேள் தலையையே காட்டவில்லை. கூச்ச சுபாவம் என்று நினைத்தார். மூச்சு முட்டுமோ என்று மூடியைத் திறந்தே வைத்தார். நாலாம் நாள் பார்த்தால் பிரசவமே முடிந்திருந்தது.

“போன தடவை அவன் மீனை ரெண்டே நாள்ல கொன்னீங்க,” என்றாள் மனைவி, அறைக்குள் கால் வைக்காமல். “இதுக்கும் ஏதாவது ஆச்சுன்னா, என் தம்பி இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டான்.”

“ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு.”

“கொட்டினா?”

“இது பரம சாதுன்னு அவனே சொல்லியிருக்கான். கொட்டினாலும் எறும்பு கடிச்ச மாதிரிதானாம்.”

அந்தத் தைரியத்தில் வெறும் கையை உள்ளே விட்டுத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார். ஆழம் அதிகமோ, குட்டி மூழ்கிவிடுமோ என்று பதறித் திரும்ப எடுத்தார். எடுத்த வேகத்தில் ஓடு சரிந்து, ஒரு குட்டி கீழே விழுந்தது. அதைத் தூரிகையால் ஏந்தித் தாயிடம் நீட்டினார். தாய் பதமாக வாங்கி, நிதானமாக வாயில் வைத்துக்கொண்டது.

அவர் தூரிகையைச் சட்டென்று கீழே வைத்தார். மனைவியிடம் மூச்சுவிடவில்லை.

மறுநாள் காலை எண்ணினால் இருபத்திரண்டு. தாய் தின்றது போக இன்னும் மூன்று குறைந்தது. கிடங்கில் சரக்கு குறைந்தால் மூலைமுடுக்கெல்லாம் தேடுவதுதான் வழக்கம். முத்திரை சோதிக்கும் ஊதா விளக்கைக் கொண்டுவந்தார். அந்த வெளிச்சத்தில் தேள் மின்னும் என்று மச்சினன் ஒருமுறை சொல்லியிருந்தான்.

பட்டப்பகலில் திரைகளை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டார். தாய் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தது. முதுகிலிருந்த பிள்ளைகள் மட்டும் ஒளிரவில்லை. கறுப்பாக, ஒரே கும்பலாக, நெளிந்துகொண்டிருந்தன.

“எத்தனை தொலைஞ்சுது?” மனைவியின் குரல் வாசலிலிருந்து வந்தது.

“தொலைஞ்சுதா? யாரு சொன்னா?”

“நீங்க கட்டிலுக்கு அடியில படுத்திருக்கறதே சொல்லுது.”

சுவரோரம், அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், பச்சை வெளிச்சம் ஒன்று மெல்ல நடந்துகொண்டிருந்தது. குட்டியில்லை. முழுத் தேள்.

“ஐயையோ, தாய் தப்பிச்சுடுச்சு! வா கண்ணு, பயப்படாதே...”

உள்ளங்கையை விரித்து வைத்தார். அது யோசித்து, ஒவ்வொரு காலாக ஏறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டி வரை நடந்தார்.

தொட்டிக்குள் தாய் இருந்தது. பிள்ளைகளோடு, போட்டது போட்டபடி.

அவர் தொட்டியைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைப் பார்த்தார்.

“அப்போ உங்க கையில இருக்கறது?” என்றாள் மனைவி.

“அப்பனா இருக்கும். ஜோடியா விட்டுட்டு, சொல்லாமப் போயிருக்கான் உன் தம்பி.”

அதே நேரம் போன் அடித்தது. மச்சினன்! மலையில் எப்படியோ சிக்னல் பிடித்திருந்தான். மனைவி எட்ட நின்றபடியே ஸ்பீக்கரில் போட்டாள்.

“டேய், உன் தேள் குட்டி போட்டிருக்குடா!” என்று கத்தினார் அவர், கையை அசைக்காமல். “நாலு குறையுது, மன்னிச்சுடு. ஆனா தாயும் தகப்பனும் பத்திரம். தகப்பன் என் உள்ளங்கையிலதான் உக்காந்திருக்கான்.”

மறுமுனையில் மலைக்காற்று இரைந்தது.

“என்ன மாமா சொல்றீங்க? என் தேள் இங்க என் பக்கத்துலதானே இருக்கு? நான் உங்க வீட்டுல வெச்சுட்டு வந்தது காலித் தொட்டி!”