இன்ஸ்பெக்டர் தம்பிக்கு ஏழு நாள் தடை

ராசிபுரம்,
கார்த்திகை மாதம், வியாழக்கிழமை.

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டித் தொழில் நடத்திவரும் என் உடன்பிறந்த தம்பி தண்டாயுதபாணிக்கு, அக்கா பெரியநாயகி எழுதுவது. நானும் ஷாலினியும் இங்கே சௌக்கியம். நீயும் ஜோதியும் உன் இரண்டு ரிக் வண்டிகளும் அங்கே சௌக்கியமாக இருக்க அர்த்தநாரீஸ்வரர் துணை நிற்கட்டும். என் நம்பரை நீ போனில் தடுத்துவைத்துவிட்டதால் கடிதமாக எழுத வேண்டியதாகிவிட்டது. வந்து சேரவில்லை என்று நீ சொல்லக்கூடும் என்பதால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடையை எடுக்க மாட்டேன். நேற்று நீ அனுப்பிய கைலாசம் சித்தப்பா வந்து, கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தடையை எடுக்காவிட்டால் தை மாதம் நடக்கும் ஷாலினி கல்யாணத்துக்கு நீ வரமாட்டாய், தாய்மாமன் மாலையும் போடமாட்டாய் என்று சொன்னார். எதற்குத் தடை, எங்கே தடை என்று அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் தோட்டத்துக்குப் போகிற வழியை நான் முள் போட்டு அடைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, "ஏழு நாளைக்குத்தானம்மிணி, அதுவரைக்கும் சுத்திப் போகச் சொல்லலாம், அதுக்குப் போயி கண்ணாலத்தை எதுக்கு இழுக்கறீங்க" என்று கேட்டார். அப்புறம் அவரை உட்காரவைத்து, சித்தப்பா, மாங்கனி நகரம் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஊர், அதில் முந்நூறு பேர் ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு மைக்கில் பேசி விளையாடுகிறார்கள், ஒருவர் டாக்டர், ஒருவர் லாரி டிரைவர், உங்கள் மகன் முறையாகிற தண்டாயுதபாணி அதில் போலீஸ் இன்ஸ்பெக்டர், நான் சண்டை வந்தால் தீர்த்துவைக்கிற மாடரேட்டர் என்று விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த ஊருக்கு எத்தனாம் நம்பர் பஸ் போகிறது என்று கேட்டார்.

அந்த வேலைக்கு நான் மனுப் போட்டுப் போகவில்லை என்பது உனக்கே தெரியும். பஸ் ஸ்டாண்டில் இருபத்தெட்டு வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்து, இரண்டு நிமிஷம் முந்தி எடுத்தவனையும் மூன்று நிமிஷம் பிந்தி எடுத்தவனையும் கேட்டுக் கேட்டு ஓய்வு பெற்றவள் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாலினி விளையாடிக்கொண்டிருந்தபோது இரண்டு லாரிக்காரர்கள் யார் முதலில் லோடு ஏற்றுவது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கருகே குனிந்து, முதலில் வந்தது யார், வாசல் கேட்டில் யார் பெயரை முன்னால் எழுதியிருக்கிறார்கள் என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். அந்த சர்வரை நடத்துகிற சேந்தமங்கலத்துக் கோகுல்ராஜ், இது யார் குரல் என்று கேட்டு, மறுநாளே என்னை மாடரேட்டராகப் போட்டார். எல்லோரும் நாயகியம்மா என்று கூப்பிடுகிறார்கள். உன்னை நான் கூப்பிடவில்லை. நீயாகத்தான், அக்கா இருக்கிற இடந்தானே என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தாய். வந்த மூன்றாம் நாளே தொப்பியும் லத்தியும் வாங்கிக்கொண்டாய்.

இனி உன் வரலாற்றைக் கேள். முதல் விஷயம் வெண்ணிலாவின் பூ வேன். அந்தப் பெண் நாமக்கல்லில் நர்சு. டியூட்டி முடிந்து வந்து, மாங்கனி நகரத்தில் ஒரு சின்ன வேனில் பூ விற்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு, யார் வம்புக்கும் போகாதவள். அவள் வேனை நீ நிறுத்தி, லைசென்ஸ் கேட்டு, லைசென்ஸைக் காட்டியதும் ஹெல்மெட் எங்கே என்று கேட்டிருக்கிறாய். வேன் ஓட்டுகிறவள் எதற்குத் தம்பி ஹெல்மெட் போட வேண்டும்? அவள் அதைத்தான் கேட்டாள். நீ வேனைப் பிடித்து ஸ்டேஷனில் நிறுத்திக்கொண்டு, "எங்க அக்கா யாருன்னு தெரியுமா" என்று சொன்னாய். தெரிந்ததால்தான் என்னிடம் புகார் கொடுத்தாள். விசாரித்து, வேனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உனக்கு முதல் வார்னிங் கொடுத்தேன். அதற்கு நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஜோதி கொடுத்துவிட்டதாக எள்ளுருண்டை வந்தது. நான் அதைச் சாப்பிட்டேன், வார்னிங்கை எடுக்கவில்லை.

இரண்டாவது, நகைக்கடைத் திருட்டு. திருடனாக நடித்த பையன் தான் விளையாடுவதை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தான். நீ ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு அதைப் பார்த்து, அவன் ஒளிந்திருந்த தண்ணீர்த் தொட்டிக்கு நேராகப் போய் மூடியைத் திறந்தாய். வெளியே பார்த்துத் தெரிந்துகொண்டதை உள்ளே கண்டுபிடித்ததாக நடிக்கக்கூடாது என்பது அங்கே முதல் பக்கத்திலேயே இருக்கிற விதி. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, போலீஸ்காரன் மூக்குக்கு வாசனை தெரியும் என்றாய். அப்போது உன் போனில் அவன் குரலும், மைக்கில் அதே குரலும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருந்ததை அங்கே இருந்த நாற்பது பேரும் கேட்டார்கள். இரண்டாவது வார்னிங்.

மூன்றாவதுதான் இந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடந்தது. ஜலகண்டாபுரத்துத் தீனதயாளன் ஓட்டிவந்த லாரிக்குக் குறுக்கே நீ ஜீப்பை விட்டாய். லாரி மோதியது. அடிபட்டவர் ஆம்புலன்ஸ் வரும்வரை அங்கேயே கிடக்க வேண்டும், அதுதான் ஆட்டம். நீ கிடக்கவில்லை. மோதிய நிமிஷத்திலேயே ஆட்டத்தை விட்டே காணாமல் போய், கால் மணி நேரம் கழித்து ஸ்டேஷன் வாசலில் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றாய். ஆம்புலன்ஸ் ஓட்டிவந்தவர்கள் வெறும் ரோட்டில் ஸ்ட்ரெச்சரை விரித்துக்கொண்டு நின்றார்கள். கேட்டதற்கு, "ஊட்டுல கரண்டு போயிருச்சுக்கா" என்றாய். சரி, ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று நான் அப்போதே ஜோதிக்குப் போன் போட்டு, கரண்ட் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குதுங்க அண்ணி, மாவாட்டிக்கிட்டு இருக்கறனுங்க, கிரைண்டர் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டீங்குது" என்றாள். கிரைண்டர் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? மூன்றாவது தப்புக்கு ஏழு நாள் தடை என்பது நான் வருவதற்கு முன்பே எழுதிவைத்த விதி. எழுத்து மாறாமல் அதைத்தான் போட்டேன்.

இதற்குள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் விஷயம் போய்விட்டது. ஏழு நாளை மூன்று நாளாக்கக்கூடாதா என்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா குமரகுரு போன் செய்து, உங்கள் வீட்டில் ஏதோ போலீஸ் கேஸ் என்கிறார்களே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இன்ஸ்பெக்டர்தான் குற்றவாளி, நான்தான் தண்டித்தேன் என்று சொன்னேன். அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டார். பிறகு ஷாலினி பேசிப் புரியவைத்தாள்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் மனது கலங்காமல் இல்லை. அவள் அப்பா இல்லாத குறைக்கு நீதான் முன்னால் நின்று மணவறைக்குக் கூட்டி வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அவளைக் கூப்பிட்டு, உனக்காக வேண்டுமானால் எடுத்துவிடட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டும் விட்டேன். அவள் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்: "மாமா வரலீன்னா எனக்கு அழுகை வரும்மா, அழுதுக்கறேன். அதுக்காவ நீ எடுத்தீன்னா, நாளைக்கு அந்த வெண்ணிலா அக்கா முகத்துல நான் எப்படி முழிக்கறது?" அதற்குப் பிறகு எனக்குச் சஞ்சலம் இல்லை.

ஆகவே தம்பி, நீ வராவிட்டால் மாமன் முறைக்கு ஆள் இல்லாமல் போகாது. நம் பெரியப்பா மகன் குருமூர்த்தியிடம் கேட்டேன். கேட்ட அன்றைக்கே போய்ச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். நீ கூடப்பிறந்தவன், சின்ன வயதில் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான், எல்லாம் சரி. ஆனால் இன்ஸ்பெக்டருக்கு ஒரு சட்டம், பூக்காரிக்கு ஒரு சட்டம் என்று என் நாற்காலியிலிருந்து வராது. கைலாசம் சித்தப்பாவுக்குப் பதில் கலெக்டரையே கூட்டிக்கொண்டு வந்தாலும் ஏழு என்பது ஏழுதான்.

வேறு விசேஷம் இல்லை. மழைக்காலம், ரிக் வண்டிக்குப் போகும்போது காதைக் கட்டிக்கொண்டு போ சாமி. சளி பிடித்தால் கஷாயம் குடி. ஜோதிக்கு என் ஆசீர்வாதம். உனக்கும் ஆசீர்வாதம், அதில் தடை எதுவும் போடவில்லை.

இப்படிக்கு,
விதிப்படி நடக்கும் உன் அக்கா,
பெரியநாயகி.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. கடிதத்தை ஒட்டித் தபாலாபீசுக்குக் கிளம்பும்போது வாசலில் ஜோதி வந்து நின்றாள். உனக்குத் தெரியாமல் வந்தாளாம். மாமன் மாலைக்கு ஷாலினிக்கு என்ன பூ பிடிக்கும் என்று கேட்டுப்போக வந்தாளாம். "அவரு வாயிதானுங்க அண்ணி அப்படிப் பேசுது, வேட்டி துண்டெல்லாம் கண்ணாலம் முடிவான அன்னைக்கே எடுத்து பீரோவுல வெச்சுட்டாரு" என்றாள். பேச்சுவாக்கில், தன் அம்மாவுக்குக் கால் சுளுக்கு என்று செவ்வாய்க்கிழமை முழுதும் சங்ககிரியில் அம்மா வீட்டில் இருந்ததாகச் சொன்னாள். மாவு ஆட்டியது அங்கே. கரண்ட் இருந்தது சங்ககிரியில்.

நான் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டேனே ஒழிய, எந்த ஊரில் இருக்கிறாய் என்று கேட்கவில்லை. உடனே கோகுல்ராஜைப் பிடித்துப் பதிவுகளைப் பார்க்கச் சொன்னேன். திருச்செங்கோட்டிலிருந்து விளையாடுகிற பதினொரு பேரும் உன்னோடு அதே நிமிஷத்தில் காணாமல் போயிருக்கிறார்கள். நீ சொன்னது நிஜம். எல்லோரையும் கூட்டி, நான் தப்பாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன், இன்ஸ்பெக்டர் தண்டாயுதபாணியிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று மைக்கில் சொன்னேன். "தப்புன்னா எடுத்துருங்கம்மா, அவருக்கும் அதே சட்டந்தானுங்களே" என்று முதலில் பேசியது வெண்ணிலா. உன் தடை இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு எடுக்கப்பட்டது. கல்யாணத்துக்காக எடுத்ததாக நீ யாரிடமும் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். முன்னால் கொடுத்த இரண்டு வார்னிங்கும் அப்படியே இருக்கின்றன.

விசாரிக்காமல் தண்டித்த மாடரேட்டருக்கு என்ன தண்டனை என்று விதியில் எழுதியிருக்கவில்லை. நானே எழுதினேன், ஏழு நாள். அதுவரை என் நாற்காலியில் வெண்ணிலா உட்காருகிறாள், வேன் பக்கம் போகாதே. ஷாலினிக்குச் சம்பங்கி போதுமாம். குருமூர்த்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன். என் தடையைக் குறைக்கச் சொல்லி யாரும் பரிந்து பேச வர வேண்டாம், நீயும்தான்.